மலை இறங்கும்வரை மூச்சு தாங்குமா? ஜவ்வாது மலையும் ஆம்புலன்ஸ் வென்டிலேட்டரும்!

நள்ளிரவு தாண்டிய நேரம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன கிராமம். சாமைக் கொல்லையில் பகலெல்லாம் வேலை பார்த்த களைப்பில், வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குக் காலில் சுருக்கென்று ஏதோ கடித்ததுபோல் இருக்கிறது. எறும்பாக இருக்கும் என்று புரண்டு படுத்துவிடுகிறார். விடியும் நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. கண்ணிமை தானாகக் கீழே இறங்குகிறது. பேச்சு குழறுகிறது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

"நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலபோல" என்கிறார்கள் வீட்டில். காலைப் பார்த்தால் வீக்கம் இல்லை, பல் பட்ட தடம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆனால், கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இரவில், தூக்கத்தில், அதிக வலி இல்லாமல். இந்த இடத்திலிருந்து அவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதை முடிவுசெய்வது ஒரே ஒரு கேள்விதான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருக்காக மூச்சு விடப்போவது யார்?

40 கிலோமீட்டர், ஒரு மலை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை மாவட்டத்தின் பக்கம் ஜமுனாமரத்தூர்தான் தலைமையிடம். திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. வேலூர் பக்கம் அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த மலை ஊராட்சிகள். இங்கே வாழும் பெரும்பாலானோர் மலையாளிப் பழங்குடியினர்.

காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் இந்த மலைக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டான வானம் இங்கே கிடைத்ததால்தான் தொலைநோக்கி இந்த மலைக்கு வந்தது. நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு வரமான அந்த இருட்டில்தான், கட்டுவிரியனும் இரை தேடிக் கிளம்புகிறது.

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போளூரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 35 கிலோமீட்டர். இது தார்ச் சாலையில் நிற்பவர்களுக்கான கணக்கு. சாலைக்கு வருவதற்கே சில கிலோமீட்டர் நடக்க வேண்டிய குக்கிராமங்களில் இருப்பவர்களுக்கு, பயணம் டோலியில்தான் ஆரம்பிக்கும்.

2023 மே மாதம் நடந்ததை எளிதில் மறக்க முடியாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பகுதியில், அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லை கிராமத்தில், இரவு தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் தாமதமாகி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த ஆம்புலன்ஸாலும் ஊர்வரை ஏற முடியவில்லை. பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தியபடி கிலோமீட்டர் கணக்கில் மலையேறினார் தாய். அந்தக் காட்சி நாட்டையே உலுக்கியது.

விஷம் முதலில் நிறுத்துவது மூச்சை!

நம் ஊரில் அதிகம் பேரைக் கொல்லும் பாம்புகள் நான்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முக்கியமாக ரத்தத்தைக் கெடுப்பவை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை.

நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இந்த விஷம் வழியிலேயே மறித்துவிடுகிறது. முதலில் கண்ணிமை, பிறகு நாக்கு, தொண்டை, கழுத்து. கடைசியாக, நாம் மூச்சு விட உதவும் உதரவிதானம் என்ற தசை. இதயம் நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும். நுரையீரலில் எந்தக் கோளாறும் இருக்காது. அதை விரித்துச் சுருக்கும் தசைதான் வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது.

அப்படியானால், வெளியிலிருந்து யாராவது காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தால் அவர் பிழைப்பாரா? பிழைக்கலாம். பாம்புக்கடி மருத்துவத்தில் மிகப்பெரிய நம்பிக்கையே இதுதான். விஷமுறிவு மருந்து மிக அவசியம். ஆனால், கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனையையே சேதப்படுத்திவிட்டால், மருந்து கொடுத்ததும் தசை எழுந்துகொள்ளாது. நரம்பு முனை மறுபடி வளர நாள்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. அந்த நாள்களைக் கடந்துவிட்டால், பெரும்பாலும் பழைய ஆளாக எழுந்து நடக்கலாம்.

இன்னொரு விஷயம் கேட்கவே மனதைப் பிசையும். கை கால் அசையாமல், கண் திறக்காமல் கிடக்கும் அந்த நபருக்கு முழு நினைவு இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழலாம். 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று சொல்ல மட்டும் அவரால் முடியாது. அதனால்தான், ஆம்புலன்ஸில் இருப்பவர் அவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இதில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வந்தால்தான், எந்த மலைக்கு எந்த வண்டி தேவை என்பது தெரியும்.

1,500 மாணவர்களின் கைகள்

வெளியிலிருந்து மூச்சு கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1907-லேயே ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம், சுரங்கங்களில் விஷவாயுவால் மயங்கியவர்களைக் காப்பாற்ற 'புல்மோட்டர்' என்ற கருவியைப் பெட்டிக்குள் அடக்கிக் கொண்டுவந்தது. எடுத்துச்செல்லும் வென்டிலேட்டர்களின் பாட்டன் அது.

1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இயந்திரங்கள் போதவில்லை. பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் வழியைக் காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, இரவும் பகலுமாக மாதக்கணக்கில் பையை அழுத்தினார்கள். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இது.

இன்று எல்லா ஆம்புலன்ஸிலும் இருக்கும் 'ஆம்பு பேக்' அதே நாட்டில் 1956-ல் வந்தது. அழுத்தி விட்டால் தானாகவே மறுபடி உப்பிக்கொள்ளும் பை. சிலிண்டர் இல்லாவிட்டாலும் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்ளும். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். விலையும் குறைவு. இன்றுவரை அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஓயாத கைகள். கோபன்ஹேகனில் 1,500 மாணவர்கள் இருந்தார்கள். மலையிறங்கும் ஆம்புலன்ஸில் எத்தனை பேர்?

இரண்டே பேர்!

108 ஆம்புலன்ஸில் 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். ஓட்டுநர் கண்ணை எடுக்க முடியாத மலைப்பாதை. ஆக, பின்னால் நோயாளியோடு இருப்பது ஒரே ஒரு உதவியாளர்.

நோயாளிக்கு 5 அல்லது 6 விநாடிக்கு ஒருமுறை பையை அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 10 முதல் 12 முறை. ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் சுமார் ஆயிரம் முறை. முகக்கவசம் வழியாகக் காற்று கொடுத்தால் ஒரு கை கவசத்தை முகத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பையில். வாயில் சேரும் எச்சிலை உறிஞ்சுவது யார்? ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு போன் செய்து 'தயாராக இருங்கள்' என்று சொல்வது யார்? கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது அந்த உதவியாளர் எதைப் பிடித்துக்கொள்வார்?

கை சோர்ந்துபோவது மட்டும் பிரச்னை அல்ல. பதற்றத்தில் கை வேகமெடுத்துவிடும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், இதயத்துடிப்பு நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பை அழுத்தியதை மருத்துவர்கள் கூடவே இருந்து எண்ணிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், சராசரி நிமிடத்துக்கு 30 முறை. தேவையைப் போல இரண்டரை மடங்கு! அவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். கண்ணெதிரே உயிர் போகும்போது எல்லோருடைய கையும் அப்படித்தான் ஓடும்.

அதிகக் காற்று கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அது தப்பு. மார்புக்குள் அழுத்தம் ஏறினால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து ரத்த அழுத்தம் விழும். வயிற்றுக்குள் காற்று புகுந்து வாந்தி வரும். தலையில் அடிபட்டவராக இருந்தால், கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அடிபட்ட மூளைக்கு அது இரண்டாவது அடி.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் முழுக்க ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தலைக்காயம் பட்டவருக்கு ஆக்சிஜன் குறையக் கூடாது, ரத்த அழுத்தம் விழக் கூடாது, மூச்சை அதிகம் கொடுக்கக் கூடாது. இந்த மூன்று பாடம்தான். 2019-ல் முடிவுகள் வெளியாயின. கடுமையான தலைக்காயம் பட்டவர்கள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. மூச்சை அளந்து கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இது சான்று.

பெட்டி என்ன செய்கிறது?

எடுத்துச்செல்லும் வென்டிலேட்டர் என்பது சின்ன சூட்கேஸ் அளவுக்கு, சில கிலோ எடையில் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. சிலவற்றுக்குள் சின்ன விசிறி சுழன்று அறைக் காற்றையே இழுத்து அழுத்தித் தரும். சில, சிலிண்டரின் வாயு அழுத்தத்தில் ஓடும்.

உதவியாளர் அதில் சில எண்களைத் திருகி வைக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் எத்தனை மில்லி, ஆக்சிஜன் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு தாண்டக் கூடாது. மூச்சின் அளவு உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடைக்குக் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி. 60 கிலோ என்றால் ஒரு மூச்சுக்கு 360 முதல் 480 மில்லி. 10 கிலோ குழந்தைக்கு 60 முதல் 80 மில்லிதான், அரை டம்ளர்கூட இல்லை. எல்லாப் பெட்டியாலும் அவ்வளவு சின்ன மூச்சைக் கொடுக்க முடியாது. வாங்கும்போதே குழந்தைக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எண்களை வைத்துவிட்டால் பெட்டி பதறாது, சோர்ந்துபோகாது. உதவியாளரின் இரண்டு கைகளும் விடுதலையாகின்றன. இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அதுதான்.

ஆக்சிஜனும் மிச்சமாகும். ஆம்புலன்ஸில் இருக்கும் 'பி' வகை சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். ஆம்பு பேக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட்டால் 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். போளூர் தாண்டித் திருவண்ணாமலை போவதற்குள் முள் சிவப்புக்கு வந்துவிடலாம். அறைக் காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து கொடுக்கும் பெட்டியில் அதே சிலிண்டர் பல மணி நேரம் தாங்கும். கட்டுவிரியன் கடிபட்டவரின் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது நிறைய ஆக்சிஜன் அல்ல, நிற்காத மூச்சு.

பாம்புக்கடிக்கு மட்டுமல்ல. பூச்சிமருந்து உள்ளே போனவர்கள், மலைப்பாதையில் பைக் கவிழ்ந்து தலையில் அடிபட்டவர்கள், வலிப்பு நிற்காதவர்கள் என்று மூச்சு தடுமாறும் எல்லோருக்கும் அதே பெட்டிதான்.

பெட்டியால் முடியாதவை

பெட்டியை வண்டியில் ஏற்றினால் போதும், உயிர் பிழைத்துவிடும் என்பதல்ல. முதலில் காற்று போக வழி வேண்டும். தொண்டைக்குள் குழாய் பொருத்தவோ, அதற்கு இணையான வேறு கருவியை வைக்கவோ தெரிந்திருக்க வேண்டும். குழாய் உணவுப்பாதைக்குள் போய்விட்டால், பெட்டி வயிற்றுக்குத்தான் மூச்சு கொடுக்கும். வெளியேறும் கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி கூடவே இருந்தால், அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும்.

மலைப்பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் குழாய் நகரலாம். பெட்டி அலறும். அப்போது பார்க்க வேண்டியவை நான்கு. குழாய் நகர்ந்துவிட்டதா? சளி அடைத்துவிட்டதா? நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிகிறதா? பெட்டியிலேயே கோளாறா? காரணம் பிடிபடாவிட்டால் யோசிக்கவே கூடாது. பெட்டியைக் கழற்றிவிட்டு ஆம்பு பேக்கைக் கையில் எடுக்க வேண்டும். புதுப்பெட்டி வந்தாலும் பழைய பை நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடமும் இருக்கிறது. 2020 மே மாதம், உள்நாட்டில் தயாரான 50,000 வென்டிலேட்டர்களுக்காக பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்தியாவிலேயே வென்டிலேட்டர் செய்ய முடியும் என்று காட்டியது அந்த நேரம். அதே நேரத்தில், இயக்க ஆள் இல்லாமல் பல இடங்களில் அவை மூலையில் கிடந்ததாகவும் செய்திகள் வந்தன. பெட்டி வாங்குவது ஒருநாள் வேலை. அதை இயக்குபவரைத் தயார் செய்வதும், மறக்காமல் இருக்க மறுபடி மறுபடி பயிற்சி கொடுப்பதும், பேட்டரியை நாள்தோறும் சார்ஜில் வைப்பதும் வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை.

மலைக்கு எந்த வண்டி?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, அடிப்படை உயிர்காப்பு வண்டி. ஆக்சிஜன், ஆம்பு பேக், முதலுதவி எல்லாம் இருக்கும். இன்னொன்று, மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. இதில்தான் வென்டிலேட்டரும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும் இருக்கும். ஆம்புலன்ஸ்களுக்கான தேசிய விதிமுறையும் இப்படித்தான் வகை பிரிக்கிறது.

நகரத்தில் அடிப்படை வண்டியே வந்தாலும், 15 நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல். அந்த 15 நிமிடம் கையே போதும். மலையில் அதே கை இரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும். ஆக, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமோ அவ்வளவு அதிகமாக வண்டிக்குள் வென்டிலேட்டர் தேவை. கூட்டமும் அழைப்புகளும் அதிகம் உள்ள ஊரை மட்டும் பார்த்து வண்டியைப் பிரித்துக் கொடுத்தால், மலை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும்.

எல்லா மலைக்கிராமத்துக்கும் மேம்பட்ட வண்டி உடனே கிடைக்காது. ஆனால் வழிகள் இருக்கின்றன. மலையிலிருந்து அடிப்படை வண்டி இறங்கும்போதே, கீழிருந்து மேம்பட்ட வண்டி ஏறி வந்து பாதி வழியில் நோயாளியை மாற்றிக்கொள்ளலாம். மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தின் முதல் டோஸைப் போட்டு, மூச்சுக்குழாயைப் பொருத்தி, பிறகு அனுப்பலாம். அந்த நிலையத்திலேயே ஓர் எடுத்துச்செல்லும் வென்டிலேட்டர் இருந்தால், எந்த வண்டி வந்தாலும் அதில் ஏற்றி அனுப்பலாம். பெட்டிக்குக் கைப்பிடி வைத்திருப்பதே அதற்காகத்தானே!

ஆனால், இவை அனைத்துக்கும் முன்னால் நிற்கிறது சாலை. அத்திமரத்துக்கொல்லையின் குழந்தைக்கு, உலகின் மிகச்சிறந்த வென்டிலேட்டர் மலையடிவாரத்தில் காத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. வண்டி எங்கே நின்றுவிடுகிறதோ, பெட்டியும் அங்கேயே நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பாம்பு கடித்தது என்று தெரிந்தாலும், சந்தேகம் இருந்தாலும் உடனே 108-க்கு அழையுங்கள். கண்ணிமை இறங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாதது, மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் போனிலேயே சொல்லிவிடுங்கள். எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவெடுக்க உதவும்.

* வண்டி ஊர்வரை வராது என்றால், எந்த இடத்தில் காத்திருப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

* கடித்த கை, காலை அசைக்காமல் வைத்திருங்கள். நடக்க விடாதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

* வாந்தி, எச்சில் தொண்டைக்குள் போகாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

* மூச்சு நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாடித்துடிப்பு இருந்தால், மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து 5, 6 விநாடிக்கு ஒருமுறை மார்பு உயரும் அளவுக்கு ஊதுங்கள். குழந்தைக்கு 2, 3 விநாடிக்கு ஒருமுறை, மெதுவாக. துடிப்பும் இல்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவி தேவை. 108-ல் பேசுபவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்.

* அசையாமல் கிடந்தாலும் அவருக்குக் காது கேட்கலாம். "வண்டி வந்துட்டு இருக்கு, நாங்க கூடவே இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

* தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகுங்கள். இரவில் வெளியே போகும்போது டார்ச் கட்டாயம்.

கட்டுவிரியன் கடித்த ஒருவரைப் பிழைக்க வைக்கத் தேவையானவை இன்று நம்மிடமே இருக்கின்றன. விஷமுறிவு மருந்து இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறது, 108 இருக்கிறது. இவற்றுக்கும் அந்தப் பாயில் படுத்திருப்பவருக்கும் நடுவே இருப்பது ஒரு மலைப்பாதைதான். அந்தப் பாதை முழுக்க அவருக்காக மூச்சு விட ஒரு பெட்டியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் கிடைத்துவிட்டால், சில வாரங்கள் கழித்து அவர் தன் காலால் நடந்தே சாமைக் கொல்லைக்குத் திரும்பலாம்.